அரிசி வேறு, சோறு வேறு

என் தங்கையின் பெண்ணுக்கு நாலு வயது முடிந்தபோது படம் போட்ட அகராதி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கதை எழுதுகிறவன் மருமகளுக்குப் பிளாஸ்டிக் பொம்மையா வாங்கிக் கொடுப்பான் என்கிற கர்வம்தான். கெட்டி அட்டை, வழவழப்பான காகிதம், பக்கத்துக்கு ஒன்பது படம். படத்தின் கீழே இங்கிலீஷ் வார்த்தை, அதற்கும் கீழே தமிழ். விலையும் அட்டையைப் போலவே கெட்டி. குழந்தை அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தின் மேலும் விரலை ஊன்ற, நான் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து நிமிஷம் எல்லாம் சுகமாக நடந்தது. சாப்பாட்டுப் பக்கம் வந்ததும் எங்களுக்குள் தகராறு மூண்டுவிட்டது.

ஒரு கிண்ணம். கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குவியல். மேலே ஆவி பறப்பதற்கு அடையாளமாக மூன்று நெளிந்த கோடுகள். கீழே 'ரைஸ்'; அதற்குக் கீழே 'அரிசி'. நான் 'அரிசி' என்று படித்தேன்.

"இது அரிசி இல்லே மாமா, சாதம்" என்றாள்.

"புஸ்தகத்திலே அரிசின்னுதானே போட்டிருக்கு?" என்றேன். இதைச் சொன்னதற்காக எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அவள் வாதாடவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு வந்து அந்தப் படத்தின் மேலேயே கொட்டினாள். "இதுதான் அரிசி" என்றாள். அவள் அம்மா உள்ளேயிருந்து, "அண்ணா, அரிசியை இறைக்காம இருக்கச் சொல்லு" என்று குரல் கொடுத்தாள். நான் எதுவும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்தது குடும்பத்தைப் பற்றிய பக்கம். அங்கே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கீழே 'சகோதரன்'. "சகோதரன்னா யாரு?" என்றாள். "அண்ணா" என்றேன். "அப்போ தம்பி?" "தம்பியும் சகோதரன்தான்." தொட்டிலில் கிடந்த தன் தம்பியை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். அதோடு புஸ்தகத்தை மூடிவிட்டாள்.

இதை ஒரு மொழிபெயர்ப்புப் பிழை என்றும், அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்றும் யாராவது சமாதானம் சொல்லக்கூடும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அச்சில் நேர்ந்த பிழையல்ல இது. அந்தப் புஸ்தகம் பிறந்த விதமே பிழை. எங்கோ இங்கிலீஷ் குழந்தைக்காகத் தயாரித்த சொற்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் தமிழை நிரப்பியிருக்கிறார்கள். நெல் விளையாத ஊர்க்காரனுக்கு, கப்பலில் வந்து இறங்குகிற பண்டத்துக்கு 'ரைஸ்' என்ற ஒரே வார்த்தை போதும். வயலில் நிற்பதும், மூட்டையில் இருப்பதும், இலையில் விழுவதும் அவனுக்கு ஒன்றே. நமக்கு அது நெல், அரிசி, சோறு. அதற்குள்ளேயே பச்சரிசி, புழுங்கலரிசி, நொய், அவல், பொரி, உமி, தவிடு. உறவுமுறையும் அப்படித்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவாக ஒரு வார்த்தை நம் வீட்டுப் பேச்சில் கிடையாது. தேவைப்படவில்லை, அதனால் கிடையாது. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரையும் ஒரே 'அங்கிள்' ஆக்கி, 'மாமா' என்று ஒரு படத்தோடு முடித்துவிட்டால், யார் மடியில் உரிமையோடு ஏறலாம், யாரிடம் கொஞ்சம் பயமாக இருக்க வேண்டும் என்று நாலு வயதுக்குள் குழந்தை கற்றுக்கொண்ட கணக்கு முழுவதும் குழம்பிப் போகிறது.

அதற்குப் பிறகு கடை கடையாக ஏறி ஏழெட்டுப் புஸ்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆப்பிள் உண்டு. பனிக்கட்டியால் கட்டிய இக்லூ உண்டு. எக்ஸ் என்ற எழுத்துக்காக, நம் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருத்தியும் தொட்டிராத சைலபோன் என்ற வாத்தியம் உண்டு. புகைபோக்கி வைத்த சாய்வுக் கூரை வீடு உண்டு. நாம் தினம் ஏறி இறங்குகிற மொட்டை மாடியை ஒன்றில்கூடக் காணோம். கோலம் இல்லை. முறம் இல்லை. தோசைக்கல் இல்லை. கொடியில் துணி காயவில்லை.

குழந்தைக்குப் படத்தோடு சொல்லைக் கற்பிக்கும் யோசனையை முதலில் பெரிய அளவில் நிறைவேற்றியவர் இப்படிச் செய்யவில்லை. கொமேனியஸ் என்று ஒரு பாதிரியார், மொராவியாக்காரர். முப்பதாண்டுப் போரில் ஊரை இழந்து தேசம் தேசமாக அலைந்தவர். தம் தாய்மொழியான செக் மொழிக்குப் பேரகராதி எழுதுவதற்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்து வைத்த கையெழுத்துப் பிரதிகள் 1656-ல் லெஷ்னோ நகரம் எரிந்தபோது சாம்பலாயின. இரண்டே வருஷம் கழித்து, 1658-ல், நியூரம்பெர்க்கில் அவருடைய குழந்தைப் புஸ்தகம் வெளிவந்தது. பெயர் 'ஆர்பிஸ் பிக்டஸ்'. படத்தில் உலகம் என்று சொல்லலாம். 150 பாடங்கள், பாடத்துக்கு ஒரு மரச்செதுக்குப் படம், பக்கத்தில் லத்தீனும் ஜெர்மனும். மறு வருஷமே லண்டனில் இங்கிலீஷில் வந்துவிட்டது. பின்னாளில் கதே தம் பிள்ளைப் பருவத்துப் புஸ்தகமாக நினைவுகூர்ந்ததும் இதைத்தான்.

அந்தப் புஸ்தகத்தில் எழுத்துக்கள் தொடங்குவது எதில் தெரியுமா? காக்கையில். காக்கை 'ஆ' என்று கத்துகிறது. அதுவே முதல் எழுத்தின் ஓசை. அடுத்து ஆட்டுக்குட்டி கத்துகிறது. குழந்தையின் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும் சத்தத்திலிருந்து எழுத்துக்குப் போகிறார். அப்புறம் வானம், நெருப்பு, நீர், பயிர், பறவை, தச்சன் பட்டறை, ரொட்டி சுடுகிற இடம் என்று பொருள்வாரியாக நடக்கிறார். அகரவரிசையைத் தேடிப் போகவில்லை. படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய சொல் பக்கத்தில் தனியாக நிற்காமல் ஒரு வாக்கியத்துக்குள் வேலை செய்துகொண்டு நிற்கும். மனிதனுடைய ஆன்மாவைக்கூடப் படம் போட்டிருக்கிறார்: ஒரு திரையில் புள்ளிகளால் ஆன மனித உருவம். குற்றவாளிகளுக்குக் கொடுக்கும் தண்டனைகளையும் விடவில்லை. அந்தப் பக்கத்தை நான் நாலு வயதுக் குழந்தைக்குக் காட்ட மாட்டேன். ஆனால் தூக்குமரத்தை அன்றாடம் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்காக எழுதியவர், அது இல்லாத ஊர் மாதிரி பாசாங்கு செய்யவில்லை.

நமக்கு இந்த முறை புதிதா என்றால் அதுவும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உருப்போட்ட சூடாமணி நிகண்டு பொருள்வாரியாகத்தான் போகிறது. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பன்னிரண்டு தொகுதி. செயலுக்கு ஒரு தொகுதி, ஒலிக்கு ஒரு தொகுதிகூட உண்டு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதி செய்த பிறகு நமக்கு அகரவரிசை பழகிப் போயிற்று. பெரியவர்களுக்கு அது மகா சௌகரியம். எழுத்தே தெரியாத குழந்தைக்கு அகரவரிசையால் என்ன பிரயோஜனம்? தேடத் தெரிந்தவனுக்கல்லவா வரிசை? தொல்காப்பியர் மரபியலில் உட்கார்ந்துகொண்டு, இளம் உயிர்களுக்கு வழங்கும் பெயர்கள் ஒன்பது என்று எண்ணி வைத்தார். குட்டி, கன்று, பிள்ளை எல்லாம் அதில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக நம்மை வதைத்த சமாசாரம்தான். ஆனால் அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று ஒரு மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். அது சிரிக்கிற சிரிப்பில் இலக்கணம் பிழைத்துக்கொள்ளும்.

பெரியவர்களுக்காக நாம் செய்துகொண்டது கொஞ்சநஞ்சமல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-லிருந்து 1936-க்குள் ஆறு தொகுதிகளாக வந்தது. தற்காலத் தமிழுக்கென்று க்ரியா 1992-ல் ஓர் அகராதி கொண்டுவந்தது. 2008-லும் 2020-லும் அதைத் திருத்திப் பெருக்கியது. பெரியசாமித் தூரனும் அவரோடு உழைத்தவர்களும் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதியில் ஒரு கலைக்களஞ்சியம், 1968 முதல் 1976 வரை, செய்து கொடுத்தார்கள். அதைப் படிக்கப் பத்து வயதாவது ஆக வேண்டும். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில் இருக்கிறவர்களை மட்டும் இங்கிலீஷ் சொற்பட்டியலிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

இதைப் பேங்கில் உத்தியோகம் பார்க்கும் ஒரு நண்பரிடம் சொன்னேன். "தமிழ் வீட்டிலேயே தானாக வந்துவிடுமே, அதற்குப் போய் எதற்கு ஐயா அகராதி?" என்றார். அவர் வீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து காது கொடுத்தேன். "மூன் பாரு." "டாகி வருது." "ஹேண்ட் வாஷ் பண்ணு." "ரைஸ் சாப்பிடு." வீட்டில் தானாக வருகிற தமிழ் இதுதான்: பாரு, வருது, பண்ணு, சாப்பிடு. பெயர்ச்சொல்லெல்லாம் வீட்டை விட்டுப் போய்விட்டது. வினைமுற்று மட்டும் வாசலைக் காத்துக்கொண்டு நிற்கிறது. இங்கிலீஷ் கற்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே பாதி வாழ்நாளை இங்கிலீஷ் நாவல் படித்துக் கழித்தவன். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசித் தெருவில் தமிழ் பேசும் குழந்தைகள் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்கள். இரண்டு பாஷையையும் அவர்கள் கலக்காமல் வைத்திருக்கிறார்கள். குழந்தையின் தலையில் இடம் போதாது என்பது பெரியவர்களின் கற்பனை. இடம் இருக்கிறது. அங்கே எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பேங்கு நண்பரிடமிருந்து தப்பித்து ஒரு தமிழாசிரியரிடம் போய் மாட்டிக்கொண்டேன். அவருக்கு என் கோபம் ரொம்பப் பிடித்திருந்தது. தாமே ஒரு பட்டியல் தயாரித்துத் தருவதாகச் சொன்னார். கொடுத்தும் விட்டார். சைக்கிள் படத்துக்கு 'மிதிவண்டி'. ரயிலுக்குத் 'தொடர்வண்டி'. லட்டுக்கு 'இலட்டு'. ட, ர, ல போன்ற எழுத்துக்களில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது விதியாம். விதி வாஸ்தவம், நன்னூலும் மொழிக்கு முதலில் வரும் எழுத்துக்களைக் கணக்கிட்டுத்தான் வைத்திருக்கிறது. ஆனால் 'இலட்டு' எந்தக் கடையில் விற்கிறார்கள்? குழந்தை ரயில் என்கிறது, ரொட்டி என்கிறது, லாரி என்கிறது, டமாரம் என்கிறது. தொல்காப்பியத்தில் வழக்கமாகக் கொள்ளும் பாடத்தின்படி, சகரம் அகரத்தோடு சேர்ந்துகூட மொழிக்கு முதலில் வரக் கூடாது. அப்படிப் பார்த்தால் சட்டி, சட்டை, சந்தை, சங்கு எதுவும் கூடாது. நானும் அவரும் போட்ட சண்டையும் கூடாது. நன்னூலார் காலத்துக்குள் அதெல்லாம் உள்ளே வந்துவிட்டது. அவர் கதவைத் திறந்து விட்டார். இன்னொரு தடவை திறந்தால் யார் குடி முழுகிவிடும்?

ஒரு விஷயத்தில் ஆசிரியரோடு நான் சமாதானம் செய்துகொண்டேன். 'பஸ்' என்று சொல்லும் குழந்தைதான் நாளைக்குப் 'பேருந்து நிலையம்' என்ற பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கப் போகிறது. ஆகவே படத்துக்குக் கீழே பஸ் என்றும், படத்துக்குள் இருக்கும் பலகையில் பேருந்து நிலையம் என்றும் இருக்கட்டும். தெருவில் அப்படித்தானே இருக்கிறது? 'தண்ணீர்' என்று அச்சிட்டு, அம்மா அதைத் 'தண்ணி' என்று படிப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது ஒரே சொல்லின் இரண்டு உடுப்பு, குழந்தை கண்டுபிடித்துக்கொள்ளும். மிதிவண்டி அப்படியல்ல. அதை நான் இதுவரை பரீட்சைத் தாளில்தான் சந்தித்திருக்கிறேன். யார் வாயிலும் சந்தித்ததில்லை.

இவ்வளவு சுலபத்தில் தீராத வம்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்த அகராதிக்காரரின் கூட்டாளிதான். ஆவி பறக்கும் அந்தக் கிண்ணத்துக்குக் கீழே என்ன எழுதுவது? என் தங்கை வீட்டில் அது சாதம். அவள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாள் வீட்டில் அது சோறு. அந்த அம்மாள் தன் பேத்தியையும் சில நாள் அழைத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் என் மருமகள், "எனக்குச் சோறு வேணும்" என்று கேட்டுவிட்டாள். என் தங்கை, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, சாதம்னு சொல்லு" என்றாள். அந்தப் பேத்தி அங்கேயே, வாசற்படியில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் நாலு வயதுதான். தன் வாயில் இருக்கும் சொல், சொல்லக் கூடாத சொல் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்து போயிற்று. சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல் அம்மா அது! அரசர்கள் வீரர்களைக் கூட்டி வைத்துப் போட்டது சோறுதான். அந்தப் புலமையெல்லாம் வாசற்படிக்கு எட்டுமா? அகராதியில் 'சாதம்' என்று மட்டும் போட்டால் ஒரு வீட்டுக் குழந்தைதான் அதில் தன்னைக் காண முடியும். 'சோறு' என்று மட்டும் போட்டால் என் தங்கை மாதிரிப்பட்டவர்கள் புஸ்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் செய்வீர்கள். இரண்டையும், ஒரே அளவு எழுத்தில், ஒரே படத்தின் கீழே போட வேண்டும். எதை முதலில் போடுவது என்று கேட்டால், சோற்றை. வயசில் மூத்தது.

எந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்காக இங்கிலாந்தில் பெரிய ரகளையே நடந்திருக்கிறது. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான ஆக்ஸ்போர்டு ஜூனியர் அகராதியின் 2007-ஆம் வருஷப் பதிப்பில் ஓக் மரத்துக் கொட்டையையும், மீன்கொத்தியையும், நீர்நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, பிளாக், பிராட்பேண்டு, சாட்ரூம் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். 2015-ல் மார்கரெட் அட்வுட் உள்பட 28 எழுத்தாளர்கள் சேர்ந்து கண்டனக் கடிதம் எழுதினார்கள். அந்த இழந்த சொற்களுக்காகவே ராபர்ட் மாக்பர்லேன் எழுத, ஜாக்கி மோரிஸ் படம் வரைய, 2017-ல் ஓர் அழகான புஸ்தகமே வந்தது. குழந்தைகள் வழங்கும் சொற்களைத்தானே தருகிறோம் என்பது அகராதிக்காரர்களின் பதில். நான் அங்கே இருந்திருந்தால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேனா? சந்தேகம்தான். குழந்தையின் வாயிலிருந்து தொடங்கு என்று சொல்கிறவன் நான். நம் அரிச்சுவடியில் 'உ' என்றால் உரல். ஆட்டுரலைக் கண்ணால் பார்த்திராத குழந்தை, வெட் கிரைண்டர் கடகடவென்று ஓடுகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்க்கிறது. உரல் போகட்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இருக்கட்டும் என்று சொல்லவும் நியாயம் தோன்றவில்லை. அது கிடக்கட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. ஒரு மீன்கொத்திக்காக 28 பேர் அங்கே கையெழுத்துப் போட்டார்கள். இங்கே ஒரு கிண்ணம் சோற்றை அரிசி என்று எழுதினார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. கதை எழுதுகிறவர்கள் நாம் எல்லாரும், என்னையும் சேர்த்துத்தான், குழந்தைப் புஸ்தகம் என்றாலே ஓய்வு நேரத்து வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. இந்தப் புஸ்தகங்களில் எல்லாம் பொருள்கள் இருக்கின்றன. நடப்பது ஒன்றும் இல்லை. காக்கையைக் காட்டிக் 'காக்கா' என்று சொன்னால், அந்தச் சொல் பறவையைக் குறிக்கிறதா, கறுப்பைக் குறிக்கிறதா, பறப்பதைக் குறிக்கிறதா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கத் தத்துவாசிரியர் குவைன் 1960-ல் எழுதிய ஒரு நூலில், ஒரு முயலை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டு அறிஞர்களைத் திணற அடித்தார். நம் தாய்மார்கள் திணறுவதில்லை. "காக்கா வந்திருச்சு பாரு, காக்காய்க்குச் சாதம் வைக்கலாமா, ஐயோ காக்கா பறந்து போச்சே" என்று சொல்லிக்கொண்டே ஊட்டுகிறார்கள். மூன்று வாக்கியத்தில் சொல் பிடிபட்டுவிடுகிறது. கொமேனியஸ் சொல்லை வாக்கியத்துக்குள் வைத்தது இதனால்தான். தமிழில் இதற்கு ஒரு தனிச் சௌகரியமும் இருக்கிறது. வினைச்சொல்லின் வேரும் ஏவலும் நமக்கு ஒன்றே: வா, போ, தா, எடு, ஓடு. குழந்தை நம்மை அதிகாரம் பண்ணும்போதே அகராதியின் தலைச்சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. லெக்சிகன்காரர்கள் அதைத் 'தருதல்', 'போதல்' என்று பெரிய மனிதத் தோரணையில் எழுதினார்கள். க்ரியா அகராதி வேரையே தலைச்சொல்லாக வைத்தது. 'தா' என்பதற்கு நீட்டிய ஒரு சின்னக் கை போதும். 'போ' என்பதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இதை வரையத் தெரியாத சித்திரக்காரர் யார்?

இத்தனையும் சொல்லி ஒரு பிரசுரகர்த்தரிடம் போனேன். என் நாவல்களை நஷ்டமில்லாமல் விற்றுக்கொண்டிருப்பவர். ஆகவே பொறுமையாகக் கேட்டார். ஒரு வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து குழந்தையின் பேச்சைக் குறித்துக்கொள்ளலாம். அப்படிப் பத்து வீடு, பத்தும் ஒரே தெருவில் இல்லாதபடி. அதிலிருந்து சொற்களைப் பொறுக்கலாம் என்றேன். நாலு வர்ண அச்சு, கெட்டி அட்டை, சித்திரக்காரர் கூலி என்று காகிதத்தில் கணக்குப் போட்டார். கடைசியில், "பக்கத்தில் இங்கிலீஷும் போட்டுவிடுவோம் சார். அப்போதுதான் பெற்றோர் வாங்குவார்கள்" என்றார்.

"தாராளமாக" என்றேன். "வயலில் நெல், முறத்தில் அரிசி, தட்டில் சோறு, மூன்று படமும் வரிசையாக வரட்டும். மூன்றுக்கும் கீழே 'ரைஸ்' 'ரைஸ்' 'ரைஸ்' என்று போட்டுவிடுங்கள்."

"அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்வார்களே சார்" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.